என் பக்கத்துப் பிரேக்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அக்காவின் கணவர் எழுதிக்கொள்வது. "நான் இங்கே சுகம்" என்று தொடங்கினால்தான் அது கடிதம் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கால், முதுகு, சர்க்கரை, இடது காதில் ஓயாத இரைச்சல், இந்த நான்கையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மீதி இருக்கும் நான் பரம சுகம். தங்களுடைய சுகத்தையும் தங்கள் வீட்டாருடைய சுகத்தையும் இதே மாதிரி தள்ளிப் பார்த்துத் தெரிவிக்கவும்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த கடிதம் என்பதால் உறையைக் கிழிக்க மனம் வராமல் பிளேடால் ஓரத்தை அறுத்துத் திறந்தேன். உள்ளே நாலே வரி. பத்தாம் தேதி வருகிறேன். அக்காவின் காரை எடுத்துக்கொண்டு போகிறேன். காகிதங்களைத் தயாராக வைக்கவும். நமக்குள் வேறு பேச்சு எதுவும் வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு வரி என்று திட்டம் போட்டு எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. முப்பத்தெட்டு வருஷம் மருந்துக் கடையில் நின்று டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் முதல் பார்வையிலேயே படித்தவன் நான். அந்தக் கடைசி வரியை மட்டும் அன்று முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தேன்.

இதுவரை "தாங்கள்" என்று எழுதினேன், கை வலிக்கிறது. நான் முதன்முதலில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது என் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நடந்து காட்டியவன் நீ. உன்னைப் போய் எத்தனை பக்கத்துக்கு "தாங்கள், தாங்கள்" என்று தாங்குவது? இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் அந்த இடங்களில் நீயே திருத்திப் படித்துக்கொள்.

கார் உன் அக்காவுடையது. நீ கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், நான் யார் மறுக்க? ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. உலகத்தில் என்னை மாமா என்று கூப்பிட்டவன் நீ ஒருத்தன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. "நீங்க அந்த பிரேக்கை மிதிக்காம இருந்திருந்தா அக்கா இருந்திருப்பா. இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்." சொன்னபடியே முழிக்கவும் இல்லை. இந்த வீட்டுப் பக்கம் உனக்கு வேலை என்று மிச்சம் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான், அதுவும் போய்விட்டால் எனக்கும் உனக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். சரி, கொடுப்பதுதான் கொடுக்கிறோம், அவள் ஓட்டின காலத்து மாதிரி ஓடுகிற வண்டியாகக் கொடுப்போம் என்று புதன்கிழமை காலையில் ஷெட் கதவைத் திறந்தேன். அதிலிருந்து ஆரம்பித்தது.

வண்டியின் நிலைமையைச் சொல்ல வேண்டும். நான் அதைச் சும்மா போட்டு வைத்தேன் என்று நினைக்காதே. அவள் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குச் சாவியைத் திருப்பி, சரியாக ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓட விட்டு நிறுத்துவேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் டீச்சர், சொந்தப் புருஷனை மூன்று தடவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எல்லாம் வருது, ஸ்டியரிங் மட்டும் வரல. நீங்க பக்கத்துலயே உட்காருங்க" என்று சொல்லிவிட்டாள். ஸ்டார்ட் செய்ய மட்டும் கற்றுக்கொடுத்திருந்தாள். ஷெட் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி வைத்தேன். தேதி, அளவு ஐந்து நிமிஷம், நோயாளியின் நிலை. "சத்தம் சீர். புகை மிதம்." இப்படி இரண்டரை வருஷம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட வரவில்லை. "பதில் இல்லை" என்று எழுதினேன். அதற்குப் பிறகும் விட்டேனா? ஒன்றரை வருஷமாக ஞாயிறு தவறாமல் போய்ச் சாவியைத் திருப்பி, "பதில் இல்லை", "பதில் இல்லை" என்று எழுதி வந்திருக்கிறேன். சார்ட் சுத்தமாக இருக்கிறது, வந்தால் பார்.

முதலில் பேட்டரிதான் என்று நானே நோயைக் கண்டுபிடித்தேன். புதிது வாங்கி வந்து, கூட்டல் குறிக்குச் சிவப்பு, கழித்தல் குறிக்குக் கறுப்பு என்று இரண்டு தடவை சரிபார்த்து மாட்டினேன். சாவியைத் தொடக்கூட இல்லை மாப்பிள்ளை, ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. நிற்கவே இல்லை. உள்ளே எலி வயரைக் கடித்து ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் சந்து எவ்வளவு குறுகல் என்று உனக்குத் தெரியுமே, உன் அக்கா முனையில் திரும்பும்போதே ஹாரன் அடிப்பாள், அவரவர் சைக்கிளையும் துணி ஸ்டாண்டையும் ஓரமாக இழுத்துக்கொள்வார்கள். ஹாரன் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு இஸ்திரிக்கார அம்மா ஓடி வந்தாள். துணி காயப்போட்ட ஸ்டாண்டை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். சைக்கிளை இழுத்துத் திண்டோரம் நிறுத்தினாள். அப்புறம் தெரு முனையைப் பார்த்தாள், ஷெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டீச்சர் வராங்கன்னு நினைச்சுட்டேன் சார்" என்றாள். ஹாரன் அலறுகிற அலறலில் அவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கவே கூடாது, ஆனால் விழுந்தது. மடக்கிய ஸ்டாண்டை மறுபடி விரிக்காமலேயே உள்ளே போய்விட்டாள். நானும் கொஞ்ச நேரம் ஹாரனை நிறுத்த வழி தேடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

மாடியில் குடியிருக்கும் தையற்காரர் கத்தரிக்கோலோடு இறங்கி வந்தார். உனக்கு அவரைத் தெரியாது, நீ வராமல் போன பிறகு குடி வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் யோசனை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "நகருங்க சார், வெட்டறது என் தொழில்" என்று ஒரு வயரை வெட்டினார். வைப்பர் இரண்டும் ஆட ஆரம்பித்தன. "அது ஒத்திகை" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வெட்டினார். ஹாரன் நின்றது. கூடவே முன் விளக்கு, கடிகாரம், உள்விளக்கு எல்லாம் நின்றன. பேட்டரியே வேண்டாம் சார், தள்ளினால் கிளம்பாத வண்டி உலகத்தில் கிடையாது, எங்க மாமனார் ஸ்கூட்டரை அப்படித்தான் ஆறு வருஷம் ஓட்டினார் என்றார். மறுத்துப் பேசியிருக்கலாம். அப்போது என் மூளைக்கும் பதில் இல்லை.

ஷெட் தரை தெருவைப் பார்த்துச் சரிவு. அவர் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார். வண்டிக்குள் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன், "ம், தள்ளுங்க" என்றேன். வண்டி நகர்ந்து, ஷெட்டைத் தாண்டி, சந்தில் இறங்கி ஓட ஆரம்பித்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறேன், ஸ்டியரிங் பக்கம் ஆளே இல்லை. முப்பது வருஷப் பழக்கம், நான் என் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் தையற்காரர் "திருப்புங்க சார், திருப்புங்க" என்று கத்துகிறார். எதைத் திருப்புவது? என் முன்னால் இருந்தது கையுறைப் பெட்டி ஒன்றுதான்.

ஆனால் என் காலடியில் பிரேக் இருந்தது. அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. கற்றுக்கொள்கிறவன் தப்பாக ஓட்டினால் டீச்சர் நிறுத்துவதற்காகப் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. நீயும் அந்த வண்டியில்தானே கற்றுக்கொண்டாய், எத்தனை தடவை அவள் அந்தப் பக்கம் மிதித்து உன்னைக் காப்பாற்றியிருக்கிறாள். ஸ்கூலை மூடிய பிறகு அவள் ஓட்ட, நான் அந்த இருக்கையில். அந்த பிரேக் என்னுடையது ஆகிவிட்டது. சும்மா சொல்லவில்லை, எத்தனை ஆட்டோ, எத்தனை மாடு, எத்தனை பஸ்! சமயத்தில் அவளுக்கு முன்னால் நான்தான் மிதிப்பேன், வண்டி நிற்கும், அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல வேளை நீங்க மிதிச்சீங்க" என்பாள். வாழ்க்கையில் நான் உபயோகமாக ஏதாவது செய்தேன் என்றால் அது அதுதான். அந்த தைரியத்தில் புதன்கிழமையும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன், அது பாட்டுக்குப் போகிறது. நான் மிதித்தும் நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை. காலியாக இருந்த ஸ்டியரிங் சீட்டைப் பார்த்தபடியே போனேன். வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்து வண்டி தானே நின்றது. காயம் ஒன்றும் இல்லை. தையற்காரர் ஓடி வந்து, "கிளம்பிச்சா சார்?" என்று கேட்டார்.

அதற்கு மேல் தாங்காது என்று ரிவர்ஸுக்குச் சொல்லி அனுப்பினேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாளே, அந்த மெக்கானிக் பெண்தான். டீச்சரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது முதல் மாதம் முழுக்க அவளுக்கு ரிவர்ஸ் மட்டும்தான் ஒழுங்காக வந்தது, உன் அக்கா வைத்த பெயர் நிலைத்துவிட்டது, இப்போது போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறாள். வந்தாள், மணலில் புதைந்திருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள், பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"கடைசியா எப்ப சார் ஓட்டினீங்க?"

"ஓட்டலைம்மா. ஆனா வாராவாரம் அஞ்சு நிமிஷம் தவறாம ஸ்டார்ட் பண்ணி வச்சேன்" என்று ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெருமையாகச் சார்ட்டைக் காட்டினேன்.

அவள் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "ஐயோ சார்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண பேட்டரி எவ்வளவு கொடுக்கும் தெரியுமா? அதைத் திருப்பி ரொப்ப அரை மணி நேரமாவது ஓடணும். நீங்க அஞ்சு நிமிஷத்துல நிறுத்திட்டா? எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிறுத்தினா சைலன்சருக்குள்ள தண்ணி நிக்கும், துருப் புடிக்கும், பிளக்குல கரி ஏறும். சும்மா விட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நீங்க பாத்துப் பாத்தே இதைக் கொன்னிருக்கீங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்து அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பரவாயில்லைம்மா, எனக்கு இது இரண்டாவது தடவை என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் மாதிரி ஆகியிருந்தது. பெட்ரோலுக்குக் கூடவா காலாவதி தேதி என்று கேட்டேன். "அட்டையில போட மாட்டாங்க சார், ஆனா உண்டு" என்றாள். காலாவதியான டானிக்கை ஒரு ஸ்பூன்கூட யாருக்கும் கொடுத்ததில்லை நான், இந்த நோயாளிக்கு இரண்டரை வருஷம் கொடுத்திருக்கிறேன். காற்று வடிகட்டியைத் திறந்தால் எலி குடும்பம் நடத்திய கூடு. டிரைவிங் ஸ்கூல் அட்டைகளைக் கடித்துப் பஞ்சாக்கி, நடுவில் அவள் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை மெத்தையாக விரித்திருந்தது. எலி இல்லை, காலி செய்துகொண்டு போய்விட்டது. கூட்டைத் தூக்கிப் போடப் போனவளிடம் துணியை மட்டும் கேட்டு வாங்கி, துவைத்து, கொடியில் போட்டிருக்கிறேன். பிரேக் ஆயில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றாள். "எப்பவோ ஒழுகிக் காஞ்சு போச்சு. எந்தப் பக்கம் மிதிச்சாலும் புடிக்காது." அதனால்தான் மணல் வரைக்கும் போனேன் என்று புரிந்தது. கார்புரேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்று வியாழன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து ஷெட்டில் விட்டாயிற்று. இதுதான் நிலவரம்.

இதோடு முடித்து உறையில் போட்டிருக்கலாம். நீ வேறு பேச்சு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன், படிக்காவிட்டால் போ.

அன்று காலை பத்து மணிக்கு நெஞ்சை ஏதோ அழுத்துகிறது என்றாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். "அவன் வந்து இந்தச் சந்துல திரும்பறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன், பத்து நிமிஷம்தானே, ஏறுங்க" என்று சாவியை எடுத்துவிட்டாள். நானும் ஏறினேன். ஏறியிருக்கக் கூடாது, அவளையும் ஏற விட்டிருக்கக் கூடாது. மரக்கடை வளைவில் ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. நான் மிதித்தேன். என்னால் முடிந்த மட்டும் மிதித்தேன் மாப்பிள்ளை. வண்டி லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது, எஞ்சினும் நின்றது. அவள் சாவியைத் திருப்புகிறாள், திருப்புகிறாள், கிளம்பவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்து என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை நீங்க மிதிச்சீங்க" என்றாள். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. மரக்கடை ஆட்கள் வந்து தள்ளிப் பார்த்து, வேறு வண்டி பிடித்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம். அரை மணி முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் இழுத்தது உனக்குத் தெரியும், நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

அவள் கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குத்தலாகச் சொன்னாளா, போனால் போகட்டும் என்று மன்னித்துச் சொன்னாளா, நாலு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. லாரி மெதுவாகத்தான் வந்தது. அவள் எப்படியும் ஒதுங்கிப் போயிருப்பாள். வண்டியை நிறுத்தினது நான், எஞ்சின் அணைந்தது அதனால், அவள் போனது அதனால். நீ வராந்தாவில் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை என்பதால்தான் நானும் உனக்கு எழுதவில்லை. பத்தாம் தேதி வா. ஓடினால் ஓட்டிக்கொண்டு போ, ஓடாவிட்டால் இழுத்துக்கொண்டு போ. காகிதங்களை எல்லாம் ஒரு மருந்துக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்திருப்பேன், நான் எதிரில் வர மாட்டேன். மாடியில் தையற்காரர் வீட்டில் இருப்பேன்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பெரியவளுக்குப் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க ஆசை, ஆனால் வேறு பேச்சு வேண்டாம் என்பதால் கேட்கவில்லை. நீ நூறு வயசு, பிரேக் உள்ள வண்டியில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால் தலையும் ஒட்டி, இப்போது ஆவி காட்டிப் பிரித்து எழுதுகிறேன். இன்று சனிக்கிழமை. மேலே நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஆறேழு பக்கத்தை அடிக்க மை போதாது. அதனால் இதைப் படித்துவிட்டு அதை நீயே மனசில் அடித்துக்கொள்.

ரிவர்ஸ் சொன்னபடி நேற்று வந்தாள். புது வயர், புது பெட்ரோல், பிரேக் ஆயில், கழுவின கார்புரேட்டர், எல்லாம் மாட்டிவிட்டு இன்று காலை சாவியைத் திருப்பினாள். இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது. அதே சத்தம் மாப்பிள்ளை. நான் கொடியில் காய்ந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன், எதற்கென்று தெரியவில்லை. சந்தில் ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக நின்றது. "ஏறுங்க சார், உங்க பக்கத்து பிரேக்கையும் பாத்துடலாம்" என்றாள். வேண்டாம்மா என்றேன். "சும்மா ஏறுங்க." ஏறினேன். வண்டி மெதுவாகப் போகிறது. "ம், மிதிங்க." மிதித்தேன், வண்டி போய்க்கொண்டே இருந்தது. "நல்லா மிதிங்க சார்." இரண்டு காலையும் வைத்து மிதித்தேன், போய்க்கொண்டே இருந்தது. அவள் தன் பக்கம் மிதித்து நிறுத்திவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் புகுந்தாள். அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"சார், ரெண்டு பெடலையும் சேர்க்கிற கம்பியே இங்க இல்ல."

"திருடு போச்சா?"

"திருடன் ஸ்பிரிங் மாட்டிட்டா சார் போவான்? கம்பியைக் கழட்டிட்டு, மிதிச்சா காலுக்கு எதிர்த்து நிக்கற மாதிரி ஒரு ஸ்பிரிங் மாட்டியிருக்கு. ரொம்ப அழகா மாட்டியிருக்கு. இது எங்க டீச்சர் கை வேலை சார்."

கம்பி ஸ்டெப்னிக்கு அடியில், பழந்துணியில் சுற்றி இருந்தது. அதில் எங்கள் கடை மருந்துக் கவர் ஒன்று நூலால் கட்டியிருந்தது, நான் வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்த அதே கவர். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் "என் வீட்டுக்காரர்" என்று எழுதியிருக்கிறாள். காலை, மதியம், இரவு மூன்றையும் அடித்துவிட்டு, அதற்குக் கீழே: "இவர் பக்கத்து பிரேக். கழற்றியாச்சு. திரும்ப மாட்ட வேண்டாம். இவரிடம் சொல்லவும் வேண்டாம். மிதிச்சா தைரியமா இருக்கார்." தேதி, ஸ்கூலை மூடின அடுத்த வாரம். பதினைந்து வருஷம் ஆகிறது.

புரிகிறதா? ஸ்கூலை மூடினதிலிருந்து அவள் போகிற வரைக்கும் பதினொரு வருஷம், நான் எதையும் நிறுத்தவில்லை. எல்லா ஆட்டோவுக்கும், எல்லா மாட்டுக்கும் அவளேதான் நிறுத்தியிருக்கிறாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, நல்ல வேளை நீங்க மிதிச்சீங்க என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட சிரிக்கவில்லை, திருடி! எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ரிவர்ஸ் எதிரில் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தேன், பாவம் அவள் தண்ணீர் கொண்டு வர ஓடினாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் ஒன்று சொன்னாள். "டீச்சர் போன அந்த மாசம் என்கிட்ட சொன்னாங்க சார், வண்டியை எங்க நிறுத்தினாலும் எஞ்சின் அணைஞ்சுடுதுன்னு. மாசத்துக்கு ரெண்டு தடவை எடுத்தா எப்படி டீச்சர், கார்புரேட்டர்ல பிசின் கட்டியிருக்கும், கொண்டு வாங்க கழுவித் தரேன்னேன். வரேன்னாங்க. நான் போய் எடுத்துட்டு வந்திருக்கணும். அதை நினைக்காத நாள் இல்ல." இத்தனை வருஷம் அவளும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

அவளைக் காரில் ஏற விட்டது நான்தான். அந்தக் குற்றம் எனக்கு உண்டு, அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் மரக்கடை வளைவில் வண்டியை நிறுத்திய பிரேக் என்னுடையது இல்லை. நெஞ்சு வலியோடு அவளே லாரியைப் பார்த்து, அவளே மிதித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள். கம்பி இல்லை என்று தெரிந்துகொண்டே, கடைசி மூச்சிலும் அந்தப் பெருமையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். குத்தலும் இல்லை, மன்னிப்பும் இல்லை. எப்போதும் சொல்வதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கம்பியை மாட்டிவிடட்டுமா என்று ரிவர்ஸ் கேட்டாள். டீச்சர் வேண்டாம்னு எழுதியிருக்காங்களேம்மா என்றேன்.

பத்தாம் தேதி வா. கவரை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், உன் கண்ணால் அவள் கையெழுத்தைப் பார். மாடிக்குப் போக மாட்டேன், ஷெட் வாசலில் நிற்பேன். வண்டியை எடுத்துக்கொண்டு போ, அது உன்னுடையது. போவதற்கு முன்னால் என்னை ஏற்றிக்கொண்டு மரக்கடை வளைவு வரைக்கும் ஒரு தடவை போய் வா. நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். லாரி ஏதாவது வந்தால் நான் மிதிப்பேன். மிதிச்சு ஒண்ணும் ஆகாதுன்னு இப்பத் தெரியுது, ஆனா கால் கேக்காது. நிறுத்த வேண்டியது நீதான். நிறுத்திட்டு, உனக்கு மனசு வந்தா, என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை நீங்க மிதிச்சீங்க மாமா"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லு.